மூன்று முறை அழைத்தும்

(தஞ்சாவூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சட்டத்தைப் பற்றிய அறக்கட்டளைப் பேச்சு என்றால் அரசியல் சாசனத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றத்தில் முடிப்பது வழக்கம். எனக்கு அந்த அளவுக்குப் படிப்பு இல்லை. நான் நீதிபதியாகவும் இருந்ததில்லை, வக்கீலாகவும் இருந்ததில்லை. கீழ்க்கோர்ட்டுகளில் குமாஸ்தாவாகச் சேர்ந்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன். கட்டுகளைத் தூசி தட்டி வாய்தா தேதி குறித்தவன். ஆகையால் அந்தக் கட்டுகளில் அதிகம் கண்ட ஒரு வழக்கைப் பற்றியே பேசுகிறேன். புரோநோட்டுக் கடனை வசூல் செய்யப் போடும் பண வழக்கு. வக்கீல் வைக்க வசதியில்லாத ஒரு பிரதிவாதி அதில் என்ன செய்யலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

முன்சீப் கோர்ட்டில் காலை பத்தரைக்கு அழைப்பு தொடங்கும். வழக்கு எண்ணைச் சொன்னதும் டவாலி வராண்டாவுக்கு வந்து பிரதிவாதியின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவார். வராண்டாவில் புறா பறக்கும். மரத்தடியில் டீ குடிப்பவர்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள். யாரும் வர மாட்டார்கள். பிரதிவாதியை மூன்று முறை அழைத்தும் ஆஜராகவில்லை, எக்ஸ்பார்ட்டி என்று கட்டின் உள்பக்கத்தில் ஒரு வரி ஏறும். இன்னொரு தேதியில் வாதி தரப்பில் ஒரு பிரமாண வாக்குமூலமும் அந்தப் புரோநோட்டும் தாக்கலாகும். கேட்ட தொகை, கேட்ட வட்டி, வழக்குச் செலவு எல்லாம் சேர்த்து டிக்ரி. மறுத்துச் சொல்ல எதிரே ஆள் இல்லாதபோது நீதிபதி எதை வைத்து மறுப்பார்? நான் பார்த்த அளவில் நம் பக்கத்துக் கடன்காரர்கள் வாதாடித் தோற்றது குறைவு. வராமல் தோற்றதுதான் அதிகம்.

ஏன் வருவதில்லை? பயம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மானம். "வாங்கினது வாங்கினதுதானே, கோர்ட்டில் போய் என்னத்தைச் சொல்ல?" என்பார்கள். கடன் வாங்கியது உண்மையாக இருக்கலாம். வழக்கில் கேட்டிருக்கும் தொகை அத்தனையும் கடன்தானா என்பது தனிக் கேள்வி. முதல் கேள்விக்கு ஆம் என்று சொல்ல வேண்டியிருப்பதால் இரண்டாவது கேள்விக்கு வாயே திறப்பதில்லை. பதில் போடுவது கடனை ஏமாற்றுவது ஆகாது. கணக்குச் சொல்லும் வேலை அது.

இன்னொரு காரணம் கோர்ட்டின் பாஷை. இதைச் சொல்லும்போது நம் மண்ணில் முன்சீபாக இருந்த ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை. திருச்சி குளத்தூரில் 1826-இல் பிறந்தவர். தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் முன்சீபாக இருந்தவர். 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்டுத் தமிழின் முதல் நாவலாசிரியர் என்று பெயர் பெற்றதால் அவருடைய இன்னொரு வேலையை மறந்துவிட்டோம். 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் கிடந்த மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் அச்சிட்டார். வழக்காடும் குடிமக்களுக்குச் சட்டம் தெரிய வேண்டும் என்று சம்பளத்துக்கு வெளியே உழைத்த முன்சீப் அவர். நாவலிலும் விடவில்லை. தமிழ் வக்கீல் தமிழ் நீதிபதியின் முன்னால் தமிழ்க் கட்சிக்காரனுக்காக இங்கிலீஷில் வாதாடும் வேடிக்கையைக் கிண்டல் செய்திருக்கிறார்.

அவர் கேட்டது சட்டமாக வர நூறாண்டு பிடித்தது. தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தம் கீழ்க்கோர்ட்டுகளில் சாட்சியத்தையும் தீர்ப்பையும் தமிழுக்குக் கொண்டுவந்தது. ஆகவே பிரதிவாதி தன் பதிலைத் தமிழில், தன் கையெழுத்தில் எழுதிக் கொடுக்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-லிருந்தே கட்சிக்காரர் தாமே ஆஜராவதை ஒப்புக்கொண்டிருக்கிறது. அதற்கு வக்காலத்து வேண்டியதில்லை. பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய்க் கைகூப்பி நின்றால் போதும்.

கடனாளி வாய் திறந்தால்தான் சட்டம் காது கொடுக்கும் என்பதற்கு இந்தக் காவிரிப் படுகையின் சரித்திரத்திலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. பர்மா அரிசியும் சயாம் அரிசியும் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கின. தஞ்சாவூர் மிராசுதாரர் முதல் குத்தகைக்காரர் வரை வாங்கிய கடனை விற்ற நெல்லால் கட்ட முடியவில்லை. சத்தியநாதன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1935-இல் மாகாணத்தின் விவசாயக் கடன்பற்றி அறிக்கை கொடுத்தார். ராஜாஜி மந்திரிசபை வந்ததும் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1938-இன் 4-ஆவது சட்டம், மார்ச் 22 அன்று அமலுக்கு வந்தது.

அதன் கணக்கு துணிச்சலானது. 1932 அக்டோபர் 1-க்கு முந்தைய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நிலுவையாக நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. 1932 அக்டோபர் 1-க்குப் பிந்தைய கடனுக்கு ஐந்து சதவீதம், சட்டம் வந்த பிறகு வாங்கும் கடனுக்கு ஆறேகால் சதவீதம், அதுவும் தனிவட்டி. பழைய நோட்டைக் கிழித்துவிட்டு வட்டியை அசலில் சேர்த்துப் புது நோட்டு எழுதியிருந்தாலும் முதன்முதலில் கைக்கு வந்த பணம்தான் அசல். ஏற்கெனவே டிக்ரி ஆன கடனைக்கூடக் குறைக்கலாம் என்றது பத்தொன்பதாம் பிரிவு. ஆனால் ஒன்று. டிக்ரி தானாகக் குறையாது. கடனாளி கோர்ட்டுக்கு வந்து மனுப்போட வேண்டும், தான் விவசாயி என்று காட்ட வேண்டும். வந்து கேட்டவனுக்குக் கிடைத்தது. வீட்டில் இருந்தவனுடைய டிக்ரி அப்படியே நின்றது.

இன்றைய கதைக்கு வருகிறேன். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. ஜூனில் கதவு திறந்ததும் தாக்கல் பிரிவில் புரோநோட்டு வழக்குகள் குவியும். காரணம் காலவரம்பு. கேட்கும்போது கொடுப்பதாக எழுதிய நோட்டுக்குத் தேதியிலிருந்து மூன்று வருடம்தான் ஆயுள். மூன்றாவது வருடக் கடைசி வாரம்வரை காத்திருந்து, வட்டி முழுதாக ஏறிய பிறகு வழக்குப் போடுவது பழக்கம். விடுமுறையில் காலம் முடிந்தால் திறக்கும் நாளில் போடலாம். மேட்டூர் அணை திறக்க வேண்டிய நாளும் ஜூன் 12. குறுவைக்கு நாற்று விட்டுக்கொண்டிருக்கும்போது சம்மன் வருவதன் ரகசியம் இவ்வளவுதான்.

சம்மனைக் கையில் வாங்குங்கள். இதை இருமுறை சொல்லலாம் என்று நினைக்கிறேன். அமீனா வந்தால் கொல்லைப்பக்கமாகப் போய்விடுவதும், ரிஜிஸ்தர் தபாலைத் திருப்பி அனுப்பச் சொல்வதும் வழக்கை நிறுத்தாது. வாங்க மறுத்தார் என்று எழுதி வந்த தபால் உறையே சம்மன் சேர்ந்ததற்குச் சமம். ஆள் அகப்படாவிட்டால் வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள், அல்லது பத்திரிகையில் போடுவார்கள். ஒளிந்தவருக்கு நேரும் நஷ்டம் ஒன்றுதான்: வழக்குரையின் நகல் கைக்கு வராது, எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தெரியாது.

வாங்கிய தேதியைச் சம்மனிலேயே எழுதி வையுங்கள். அன்றிலிருந்து முப்பது நாளில் எதிருரை கொடுக்க வேண்டும். கோர்ட் தொண்ணூறு நாள்வரை நீட்டிக்கலாம். சேலம் வழக்கறிஞர் சங்கம் கொண்டுபோன வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் இந்தத் தொண்ணூறு நாளைக் கல்லில் செதுக்கியதாகக் கொள்ள வேண்டியதில்லை, தகுந்த காரணம் இருந்தால் தாண்டலாம் என்றது. அந்தத் தாராளத்தை நம்பி உட்காராதீர்கள். வணிக வழக்குகளுக்கு 120 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆவது ஆணையின் கீழ் வரும் சுருக்க விசாரணை வழக்கு என்று சம்மனில் இருந்தால் பத்தே நாளில் ஆஜராக வேண்டும், பிறகு வாதாட அனுமதி கேட்டுத் தனியே மனுப்போட வேண்டும். அந்த வகைச் சம்மனோடு மட்டும் அன்றைக்கே யாராவது வக்கீலிடம் ஓடிவிடுங்கள்.

இனி எதிருரை. வழக்குரையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்தி போட்டிருப்பார்கள். அதே வரிசையில் ஒவ்வொரு பத்திக்கும் பதில் வேண்டும்: இது சரி, இது தவறு, இது எனக்குத் தெரியாது. குறிப்பாக மறுக்காத விஷயத்தை ஒப்புக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 'வழக்குரையில் உள்ள அனைத்தும் பொய்' என்ற ஒரு வரிப் பதில் வீரமாகத் தெரியும். கோர்ட்டில் அது மறுப்பாகவே ஏறாது. கடைசியில் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டு, பிரமாண வாக்குமூலம் ஒன்றும் இணைத்து, உங்களிடம் உள்ள ஆவணங்களின் பட்டியலைச் சேர்த்து, வாதி தரப்புக்கு ஒரு நகல் கொடுத்துவிட்டுத் தாக்கல் செய்யலாம். எதிருரைக்குக் கோர்ட் கட்டணம் இல்லை. நீங்களும் வாதியிடம் பணம் கோரினால்தான் கட்டணம்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை. அசல் நோட்டு கோர்ட்டில் இருக்கிறது. அதைப் பார்க்க மனுக் கொடுக்கலாம், நகல் வாங்கலாம். பார்த்தவர்கள் பலருக்கு ஞாபகம் திரும்பி வருவதைக் கண்டிருக்கிறேன். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து இருக்கிறதா? ஸ்டாம்ப் இல்லாத நோட்டைப் பிறகு அபராதம் கட்டியும் சாட்சியமாக ஏற்க முடியாது. தேதி எந்த மையில், பெயர் எந்த மையில், தொகை எந்த மையில்? பின்பக்கத்தைத் திருப்புங்கள். வரவு வைத்த குறிப்பு அங்கேதான் இருக்கும். மூன்று வருடம் முடியப் போகும் சமயத்தில் நூறோ இருநூறோ வரவு வைத்து உங்கள் கையெழுத்து வாங்கியிருந்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். அந்தக் கையெழுத்து உங்களுடையதா என்பதில் வழக்கே தொங்கும். கொரோனாக் காலத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களை உச்ச நீதிமன்றம் காலவரம்பில் கழித்துவிட்டது. பழைய நோட்டுக்காரர்கள் அதைச் சேர்த்துத்தான் விரல்விட வேண்டும். காலம் கடந்த வழக்கு என்று தெரிந்தால் பிரதிவாதி கேட்காவிட்டாலும் கோர்ட் தள்ள வேண்டும். என்றாலும் எதிருரையின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

நம் ஊர்களில் புழங்கும் சில தவறான நம்பிக்கைகளையும் சொல்ல வேண்டும். நோட்டில் சாட்சிக் கையெழுத்து இல்லை, செல்லாது என்பார்கள். புரோநோட்டுக்குச் சாட்சி தேவையே இல்லை. வெற்று நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள், அதனால் தள்ளுபடி ஆகும் என்பார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் நிரப்பிக்கொள்ளவும் அதிகாரம் கொடுத்தார் என்றே 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பார்க்கும். கையெழுத்து இருந்தால் பணம் கைமாறியது என்றும் ஊகிக்கும். அந்த ஊகத்தை உடைக்கும் பாரம் உங்கள் தலையில். அதற்கு நூற்றுக்கு நூறு நிரூபணம் வேண்டாம், இப்படி நடந்திருக்கத்தான் அதிக வாய்ப்பு என்று நீதிபதி நம்பும் அளவுக்குக் காட்டினால் போதும்.

எல்லாவற்றிலும் மோசமானது, கையெழுத்தே என்னுடையதில்லை என்று பொய் சொல்வது. அவசரத்தில் யாரோ சொல்லிக்கொடுத்து எழுதும் எதிருரைகளில் இந்த வரி அச்சடித்ததைப் போல் வரும். கையெழுத்து நிபுணர் பார்த்து உங்களுடையதுதான் என்று சொன்ன பிறகு, நீங்கள் கட்டிய பணத்தைப் பற்றிய உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். கையெழுத்தே போடவில்லை என்றவர், வட்டி கட்டினேன் என்று எப்படிச் சொல்வார்?

கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டுகிறேன். கற்பனைக் கணக்குதான், ஆனால் படுகையில் எந்தக் கிராமத்திலும் பொருந்தும். ஒரு அம்மா 14.6.2022 அன்று ஒரு லட்சத்துக்கு நோட்டு எழுதுகிறார். வட்டி மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய், அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். முன்வட்டியாகப் பத்தாயிரத்தைப் பிடித்துக்கொண்டு கையில் கொடுத்தது 90,000. மாதம் இரண்டாயிரமாகப் பதினான்கு மாதம் கட்டினார். ஐந்து மாதம் ரொக்கம், ஒன்பது மாதம் போனில், கடன் கொடுத்தவருடைய மகன் எண்ணுக்கு. நோட்டின் பின்னால் ஒரு வரவும் இல்லை. 2025 ஜூனில் வழக்கு. கேட்பது அசல் ஒரு லட்சம், மூன்று வருட வட்டி 72,000, ஆக 1,72,000 ரூபாய்.

அவர் போகாவிட்டால் 1,72,000-க்கும் செலவுக்கும் டிக்ரி. போனால் என்ன சொல்லலாம்? கைக்கு வந்தது 90,000. அதே நாளில் வங்கியில் எடுத்தோ அனுப்பியோ கொடுத்திருந்தால் அந்தப் பதிவே சாட்சி. போனில் அனுப்பிய 18,000-க்கு வங்கிக் கணக்கு அறிக்கை இருக்கிறது. மகன் பெயருக்குப் போன பணம் இந்தக் கடனுக்குத்தான் என்பதை மாதம் தவறாத ஒரே தொகையே சொல்லும். ரொக்கம் 10,000-க்குக் கட்டும்போது கூட இருந்தவர் யார் என்று யோசிக்க வேண்டும். வட்டி விகிதம் கொடுமையானது, குறைக்க வேண்டும் என்று கேட்க 1918-ஆம் ஆண்டின் கொடுவட்டிக் கடன்கள் சட்டமும், 2003-இல் வந்த தமிழ்நாட்டு அதீத வட்டி தடைச் சட்டமும் இருக்கின்றன. கோர்ட் 90,000-த்தை அசலாக ஏற்று வட்டியைப் பன்னிரண்டு சதவீதமாகக் குறைத்தால் வட்டி 32,400. மொத்தம் 1,22,400. போனில் போன பணத்தைக் கழித்தால் 1,04,400. நீதிபதி இப்படித்தான் செய்வார் என்று நான் உத்தரவாதம் கொடுக்கவில்லை. இரண்டு தொகைக்கும் நடுவில் இருக்கும் 67,600 ரூபாய் பேசுவதற்குரிய பணம் என்கிறேன். ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு அது எத்தனை நடவு, எத்தனை அறுப்பு என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடன் முழுக்க உண்மை, கட்டவும் விருப்பம், ஒரே தடவையில்தான் முடியாது என்றால்? அதையும் எதிருரையில் எழுதுங்கள். டிக்ரி கொடுக்கும்போதே தவணையில் கட்ட உத்தரவிட கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. டிக்ரி ஆன பிறகு தவணை வேண்டுமானால் வாதி சம்மதிக்க வேண்டும். கடன் வணிகத்துக்கானது இல்லையென்றால், டிக்ரி தேதிக்குப் பிறகு அசல் மீது ஆறு சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறாது. சம்பா அறுத்து நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் போடும் மாதத்தைச் சொல்லித் தவணை கேட்பது வெட்கப்படும்படியான காரியம் இல்லை. ரசீதும் சிட்டா, அடங்கலும் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் இதே பேச்சு இன்னும் சுலபம். அங்கே ஒத்துக்கொண்டால் வாதி கட்டிய கோர்ட் கட்டணம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். அதனால் வட்டியில் விட்டுக்கொடுக்க அவருக்கும் மனசு வரும். ஆனால் அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. முடியாத தவணைக்குத் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

வக்கீல் இல்லாமல் என்ன செய்யலாம் என்று பேசினாலும், வக்கீலே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். மற்ற ஏழைகளுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்டக் கோர்ட் வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு, தாலுகா கோர்ட்டுகளில் வட்டக் குழு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். வக்கீல் நியமனமாகும்வரை வாய்தாவுக்குப் போய் நிற்பது உங்கள் வேலை. சட்ட உதவிக்கு மனுக் கொடுத்திருக்கிறேன், அவகாசம் வேண்டும் என்று நீதிபதியிடம் நீங்களே சொல்லலாம்.

எல்லாக் கடனும் முன்சீப் கோர்ட்டுக்கு வருவதில்லை. கூட்டுறவுச் சங்கக் கடனென்றால் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 90-ஆவது பிரிவில் பதிவாளர் தரப்பு விசாரணை. டிராக்டர் கடன் ஒப்பந்தங்களில் மத்தியஸ்தர் விசாரணை என்று பொடி எழுத்தில் இருக்கும். எங்கோ ஒரு ஊரிலிருந்து ஆங்கிலத்தில் நோட்டீஸ் வரும், அதையும் குப்பையில் போடக் கூடாது. வங்கி அடமானச் சொத்தை எடுப்பதாக 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்தால், அடமானம் விவசாய நிலமா என்று முதலில் பாருங்கள். விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. சிறு, குறு விவசாயிகளின் குறுகிய காலப் பயிர்க் கடனில் ஏற்றும் மொத்த வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. 1938 சட்டத்தின் வாசனை இதில் அடிக்கிறது.

கடன் தள்ளுபடி வரும் என்று காத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2006-இல் 6,866 கோடி, 2016-இல் 5,780 கோடி, 2021-இல் 12,110 கோடி என்று தமிழக அரசுகள் அறிவித்த மூன்றும் கூட்டுறவுக் கடன்களுக்கானவை. புரோநோட்டுக்காரருக்கும் பைனான்ஸ் கம்பெனிக்கும் அதில் சம்பந்தமில்லை. சம்மனை அந்த நம்பிக்கையில் பரணில் போட்டவர்கள் உண்டு.

கோர்ட்டுக்கு வெளியே வசூல் எப்படி நடக்கிறது என்றும் பாருங்கள். 2016 மார்ச்சில் ஒரத்தநாடு பக்கத்தில் டிராக்டர் கடனுக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடித்து இழுத்த வீடியோவை நாடே பார்த்தது. அதற்குப் பின் கஜா புயல். 2018 நவம்பர் 16-இல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னைகள் சாய்ந்த வாரத்திலும் குழுக் கடன் வசூலுக்கு ஆள் வந்து நின்றார்கள். வீட்டு வாசலில் மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் சட்டமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. வாசலில் நடப்பதோடு ஒப்பிட்டால் கோர்ட் சம்மன் மரியாதையானது. அது உங்களை வாங்க போங்க என்று எழுதி, உங்கள் தரப்பு என்ன என்று கேட்கிறது.

ஏற்கெனவே எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகிவிட்டவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கக்கூடும். டிக்ரி தேதியிலிருந்து முப்பது நாளில் அதை ரத்து செய்ய மனுப்போடலாம். சம்மனே முறையாகச் சேரவில்லை என்றால் விஷயம் தெரிந்த நாளிலிருந்து முப்பது நாள். தாமதமானால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு, நாளுக்கு நாள் காரணம். கோர்ட் செலவுத் தொகையோ டெபாசிட்டோ கட்டச் சொல்லலாம். கட்டி உள்ளே வருவது பல சமயம் லாபம்தான்.

அதுவும் முடியாமல் நிறைவேற்று மனு வந்துவிட்டாலும் எல்லாம் போய்விடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உடுத்தும் துணி, படுக்கை, சமையல் பாத்திரம், சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, விவசாயியின் ஏர்க் கருவி, பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதைநெல், விவசாயி குடியிருக்கும் வீடு இவற்றை ஜப்தி செய்ய முடியாது. பணக் கடனுக்காகப் பெண்ணைக் கைது செய்ய முடியாது. ஆணையும், கட்ட வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவர் என்று காட்டாமல் சிவில் சிறையில் போட முடியாது. 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஒரு வங்கி வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் இந்தப் பாதுகாப்பையும் வந்து கேட்க வேண்டும். வாசலில் அண்டா குண்டாவை வண்டியில் ஏற்றும்போது அழுதால் அமீனாவுக்குச் சட்டம் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

பதில் சொல்லாமல் தோற்பது நம்மவர்களுக்கு மட்டும் உரிய வியாதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பியூ அறக்கட்டளை 2020-இல் வெளியிட்ட ஆய்வு, புள்ளிவிவரம் கிடைத்த இடங்களில் கடன் வசூல் வழக்குகளில் எழுபது சதவீதத்துக்கு மேல் பிரதிவாதி பதில் தராமலே தீர்ப்பானதாகச் சொன்னது. அங்கே நியூயார்க்கில் கட்டம் போட்டு டிக் செய்யும் பதில் படிவம் கோர்ட்டிலேயே கிடைக்கிறது. இங்கிலாந்தில் வழக்கு நோட்டீசோடு பதில் படிவங்களையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். கடனை ஒப்புக்கொண்டு தவணை கேட்க ஒன்று, மறுக்க ஒன்று. நமக்கு நடைமுறைச் சட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் தங்கள் ஊர்ச் சம்மனோடு ஒரு வெள்ளைத் தாளையும் வைக்கிறார்கள்.

அதை இங்கே செய்வதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். கோர்ட்டிலிருந்து போகும் ஒவ்வொரு பண வழக்குச் சம்மனோடும் தமிழில் ஒரு தாள் போகலாம். வழக்கு எண், அடுத்த வாய்தா, எந்தக் கட்டடத்தில் எந்த மாடி. கீழே கேள்விகள்: கையெழுத்து உங்களுடையதா? கைக்கு வந்த பணம் எவ்வளவு? எப்போது எப்போது எவ்வளவு கட்டினீர்கள், எதன் மூலம்? நோட்டின் தேதி சரிதானா? முன்பு எழுதிய நோட்டுக்குப் பதிலாக இதை எழுதினீர்களா? மீதியைத் தவணையில் கட்ட விருப்பமா, எந்த மாதத்தில்? கடைசியில் 15100. மாதிரித் தாள் ஒன்றைப் பழைய பழக்கத்தில் கையாலேயே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பேச்சு முடிந்ததும் அறக்கட்டளைச் செயலாளரிடம் கொடுக்கிறேன். சட்டக் கல்லூரி மாணவர்கள் அதில் விடுபட்டதைச் சேர்த்து, முடிந்தால் ஊராட்சி அலுவலகச் சுவர்களில் ஒட்டலாம். அனுமதி வாங்க மாவட்ட ஆணைக்குழுச் செயலருக்கு எழுத வேண்டிய கடிதத்தையும் தாளோடு சேர்த்து வைத்திருக்கிறேன். தேதிதான் போட வேண்டும்.